பாவுத் தெருவில் ஒரு பள்ளம்

எங்கள் ஊர் முனிசிபாலிட்டிக் கச்சேரி வாசலில் ஒரு பலகை தொங்கியது. தெருவைத் தோண்டுகிறவர்களுக்கான சட்டங்களை அதில் தமிழில் எழுதியிருந்தார்கள். அனுமதி இல்லாமல் தெருவில் மண்வெட்டி வைக்கக் கூடாது. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. பக்கச் சுவர் சரியாதபடி பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். சுற்றிலும் கயிறு கட்ட வேண்டும், இருட்டினால் விளக்கு வைக்க வேண்டும். குறித்த நாளுக்குள் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கி மூட வேண்டும். தவறினால் அபராதம். அருமையான சட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். அதில் பாதியாவது நடந்திருந்தால் என் காக்கா அந்த வயதில் செத்திருக்க மாட்டார்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன். வாப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு அவர்தான் எல்லாம். வீட்டில் உம்மா, காக்கா, அவருடைய மனைவி, மடியில் ஒரு கைக்குழந்தை, பிறகு நான். எனக்கு அப்போது மீசை அரும்பி முடிந்து, கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தது. முதல் ஜெர்மன் சண்டை வருவதற்குச் சில வருஷம் முந்திய காலம் அது.

தாமிரபரணிக்குத் தென்கரையில் எங்களுடையது நெசவாளர் தெரு. வீட்டுக்கு வீடு குழித்தறி. நாங்கள் நெய்யும் கைலி தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போகும். மற்றவர்களுக்குத் தெரு என்றால் நடக்கிற இடம். எங்களுக்கு அது தொழில் செய்கிற இடம். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலைப் பாவு என்போம். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் நீளமாக விரித்து, இரண்டு கோடியிலும் முளை அடித்து இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, காய்கிற வரை தேய்க்க வேண்டும். பாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவரும் ஒரே நீளத் தூரிகையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, நூலை அழுத்தித் தேய்த்தபடியே தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி வரும்.

நடக்கும்போது கண் நூலில்தான் இருக்கும். எங்காவது ஓர் இழை அறுந்தால் அந்தக் கணமே பிடித்து முடிச்சுப் போட வேண்டும். காலைப் பார்த்து நடக்கிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. எங்கே மேடு, எங்கே கல் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் காலுக்கே தெரியும். இன்னொன்று, ஈரப் பாவை நடுவில் விட்டால் தொலைந்தது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாகிவிடும், பிறகு அழுதாலும் பிரியாது. அதனால் பாவு ஈரமாக இருக்கும்போது எது நடந்தாலும் கையை எடுக்கக் கூடாது என்பது தெருவின் வழக்கம். இதை யாரும் பலகையில் எழுதித் தொங்கவிட்டதில்லை. ஆனால் இதை மீறியவன் எங்கள் தெருவில் கிடையாது.

முளை அடிப்பதும் தோண்டுவதுதான் என்று முனிசிபாலிட்டி சொல்லிவிட்டது. எனவே எங்களுக்கும் சட்டம் உண்டு. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், பாவு எடுத்ததும் முளைக்குழியை மண் போட்டு மூட வேண்டும். ஒரு சாண் ஆழம்கூட இல்லாத குழி அது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பியூன் வருவான். குச்சியை விட்டுக் குத்திப் பார்த்து, மண் இறுகவில்லை என்று எங்களை மறுபடி மிதிக்கச் சொல்லுவான். நாங்களும் பேசாமல் மிதிப்போம். அந்தப் பியூன் வேறு எந்த வேலையையும் அவ்வளவு பக்தியோடு செய்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் தெருவுக்குச் சாக்கடை கட்டப்போவதாகச் சொன்னார்கள். எங்களுக்குச் சந்தோஷம்தான். மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும் சங்கடம் தீரும் என்று நினைத்தோம். ராதாபுரம் பக்கம் மழை பொய்த்துப் பிழைக்க வந்த கூலியாட்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். தெருவின் ஒரு ஓரமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஆள் மார்பு ஆழத்துக்கு வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கொட்ட வேறு இடம் காட்டாததால் விளிம்பிலேயே குவித்தார்கள். வெட்டி முடிந்ததும் கட்டுவதற்குக் கல் வரவில்லை. கான்ட்ராக்டருக்கும் கச்சேரிக்கும் ஏதோ தகராறு என்றார்கள். கூலியாட்கள் சில நாள் குந்தியிருந்து பார்த்துவிட்டுச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். பள்ளம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

கயிறு இல்லை, விளக்கு இல்லை, முட்டுப் பலகை இல்லை. வீட்டுக்கு வீடு கழுவுகிற தண்ணீரெல்லாம் அதில் விழுந்து பச்சையாகத் தேங்கியது. ஒரு வெள்ளாடு விழுந்து செத்து, நாற்றம் எடுத்த பிறகுதான் அது காணாமல் போனதே தெரிந்தது. பள்ளத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பனங்கட்டையைக் குறுக்கே போட்டு அதன்மேல் நடந்து வாசலுக்குப் போய்வந்தார்கள். பாங்கு சொல்லும் மோதினார் பள்ளிவாசலுக்குப் போகும்போது தடுமாறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். சிரிக்கிற அளவுக்குத்தான் அது அப்போது எங்களுக்குப் பட்டது.

பாவு விரிக்கத்தான் இடம் இல்லை. ஒரு ஓரம் பள்ளம், அதை ஒட்டி மண்மேடு. முதலில் அடுத்த தெருக்காரர்கள் பெருந்தன்மையாக அவர்கள் தெருவில் எங்களுக்கும் முறை கொடுத்தார்கள். பிறகு நோன்பு நெருங்கியது. பெருநாளுக்கு முன்னால் சரக்குக் கப்பலேற வேண்டும் என்று எல்லாத் தெருவிலும் அவசரம். அவர்களுக்கே முறை போதவில்லை. ஆற்றங்கரைத் திடலில் விரிக்கலாம் என்றால் ஆடிக் காற்று. புழுதியை வாரி ஈர நூலில் அப்பிவிடும். வீடுகள் இரண்டு பக்கமும் மறைத்து நிற்கிற தெருவைத் தவிர எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

காக்கா தெருக்காரர்கள் சிலரோடு கச்சேரிக்குப் போனார். நானும் போனேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் சில வகுப்பு படித்தவன் என்பதால் பலகையை வாசித்துக் காட்டுவதற்கு என்னை அழைத்துப் போனார்கள். ஓவர்சியர் பாளையங்கோட்டைக்காரர், மரியாதையான மனிதர். எங்களை நிற்க வைக்காமல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"ஐயா, அந்தப் பள்ளத்த எப்ப மூடுவிய?" என்று கேட்டார் காக்கா.

"கல்லு வரணும்லா வே. கல்லு வந்தா கட்டிட்டு மூடிருவாங்க."

"கல்லு வார வரைக்கும் மூடி வைக்கக் கூடாதா? நாங்களே மண்ணத் தள்ளி மூடிக்கிடுதோம்."

"ஐயையோ, அதச் செஞ்சிராதேயும். கச்சேரி வெட்டின பள்ளத்துல வேற ஆள் மண்ணத் தள்ளினா கேசு போடுவாங்க."

காக்கா என்னைப் பார்த்தார். நான் வாசல் பலகையில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். விளக்கு, கயிறு, முட்டுப் பலகை, குறித்த நாள். ஓவர்சியர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா அது பொதுஜனத்துக்குப் போட்ட சட்டம். முனிசிபாலிட்டி தனக்குத்தானே அபராதம் போட்டுக்கிடுமா?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குப் புரியவைக்கத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கேலி செய்திருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். காக்கா எழுந்து, "அப்ப எங்க முளைக்குழிய மட்டும் குச்சி விட்டுக் குத்திப் பாக்கியளே ஐயா" என்றார். ஓவர்சியர் மேஜையில் இருந்த காகிதத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். நாங்கள் வந்துவிட்டோம்.

தெருவிலேயே விரித்துவிடுவது என்று அன்றைக்குச் சாயங்காலம் முடிவானது. மண்மேட்டைக் கொஞ்சம் வழித்து ஒதுக்கினால் பள்ளத்தின் விளிம்பில் ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் கிடைக்கும். பாவு எங்களுடையது என்பதால் முதல் ஜோடி நாங்கள்தான். யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் வீட்டில் பேச்சு வந்தது.

"பள்ளத்துப் பக்கம் நான் நிக்கேன்" என்றார் காக்கா.

உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நீ எதுக்கு அங்கன நிக்கணும்? பிள்ளத்தாச்சியா இருந்து இப்பத்தான் எந்திரிச்சிருக்கா உம் பொண்டாட்டி. சின்னவன நிக்கச் சொல்லு."

"இவனயா? இவன் பள்ளத்தப் பாத்துக்கிட்டே நடப்பான். இழ அறுந்தா நாளைக்குத்தான் தெரியும்." அவர் என் தலையில் தட்டினார். "இவன் கால் பத்திரமா இருக்கும், பாவு போயிரும்."

எல்லோரும் சிரித்தோம். மதினி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பைய நடங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலை பஜர் தொழுகை முடிந்ததும் விரித்தோம். முந்தின நாள் மேற்கே மலையில் பெய்த சாரல் எங்கள் ஊர் வரைக்கும் தூறியிருந்தது. விளிம்பு மண் பார்வைக்கு இறுகிப்போய் இருந்தது, உள்ளே ஊறியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கஞ்சி பூசித் தேய்க்கத் தொடங்கினோம். போக ஒரு நடை, வர ஒரு நடை. காக்கா பள்ளத்தை மறந்தே போனார் என்று நினைக்கிறேன். அவர் முகம் எனக்கு நேர் எதிரே, ஒரு பாவு அகலத்துக்கு அப்பால் இருந்தது. நூலைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நன்றாக வேலை ஓடும்போது அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் கீழே போயிற்று.

விளிம்பு ஒரு கட்டில் நீளத்துக்குச் சரிந்திருந்தது. அவர் விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. அவர் பிடித்திருந்த தூரிகை முனை பாவின்மேல் விழுந்தது. நான் என் முனையை விடப் போனேன். பள்ளத்துக்குள்ளிருந்து அவர் கத்தினார்.

"லே, கைய எடுத்துராத! தேய்லே! பாவு ஈரமா இருக்கு, தேய்!"

பின்னால் வந்த ஜோடியில் ஒருவர் ஓடிவந்து காக்காவின் முனையை எடுத்துக்கொண்டார். சரிந்த இடத்தில் காலை அகட்டி வைத்துத் தாண்டினார். நாங்கள் தேய்த்தோம். பாவில் சம்பந்தப்படாத கிழவர்கள் இரண்டு பேர் பள்ளத்தின் பக்கம் போய், அவரைத் தூக்க முடியாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். பாவு காய்ந்து முளையிலிருந்து அவிழ்த்த பிறகுதான் இளவட்டங்கள் உள்ளே இறங்கினோம். அந்தப் பச்சைத் தண்ணீரிலேயே அவர் உட்கார்ந்திருந்தார். கூலியாட்கள் விட்டுப்போன உடைந்த மண்வெட்டி ஒன்று கெண்டைக்காலில் ஆழமாக இறங்கியிருந்தது. "காஞ்சிட்டா?" என்று கேட்டார். காய்ந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் வலிக்கிறது என்று சொன்னார்.

இதை வெளியாட்களிடம் சொன்னால் எங்களைக் கல்நெஞ்சுக்காரர்கள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பாவில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். அவருடைய இடத்தில் நான் கிடந்திருந்தாலும் அதையேதான் கத்தியிருப்பேன், அவரும் தேய்த்திருப்பார். மனிதனைப் பள்ளத்தில் போட்டது பாவு இல்லை.

காயத்தைக் கழுவி, மஞ்சள் அரைத்துக் கட்டினோம். சில நாளில் வீக்கம் வடிந்தது. காக்கா நொண்டி நொண்டித் தறியில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாவைத் தானேதான் நெய்வேன் என்று பிடிவாதம். ஒரு நாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது வாய் சரியாகத் திறக்கவில்லை என்றார். தாடையில் காற்று அடித்திருக்கும் என்று உம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். சாயங்காலம் பல் கிட்டிவிட்டது. கூடவே கழுத்தும் விறைத்துவிட்டது.

ஆற்றுக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டர் இரக்கப்பட்டு வில்வண்டியில் வந்தார். வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைய வழியில்லை. தெரு முக்கில் இறங்கி, பனங்கட்டையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார். காலைப் பார்த்தார், தாடையைத் தொட்டார். என்னை வெளியே கூட்டிப்போய், புண் வழியாக மண்ணின் விஷம் ஏறிவிட்டது என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்று கேட்டேன்.

"அசைச்சா இழுப்பு வரும் தம்பி. வழியிலேயே போயிருவாரு. இருட்டு அறையில வச்சிருங்க. சத்தமே கூடாது. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்ப வில்லா வளைச்சிரும்."

அப்போது பக்கத்து வீட்டுத் தறி அடித்தது. உள்ளே காக்கா வளைந்தார். குதிகாலும் பிடரியும் மட்டும் பாயில் இருக்க, முதுகு எழும்பி நின்றது. தறி ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அதேதான். நினைவு தப்பவில்லை, அதுதான் கொடுமை. வாய் கிட்டியிருந்ததால் கத்தவும் முடியவில்லை. கண் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, அழுதிருப்பேன். அந்த வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்தார். அவரே அடுத்த வீட்டுக்குப் போனார், அந்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டுக்கு. கொஞ்ச நேரத்தில் தெருவின் இரண்டு பக்கமும் எல்லாத் தறியும் நின்றுவிட்டது. பெருநாள் சரக்கு எல்லார் வீட்டிலும் பாதியில் இருந்தது. ஒருவர்கூட எப்போது மறுபடி ஓட்டலாம் என்று கேட்கவில்லை. பெண்கள் உலக்கையைத் தொடவில்லை. மோதினார் பாங்கை வாசலில் நின்று சொல்லாமல், பள்ளியின் உள்ளே நின்று மெல்லச் சொன்னார். நான் பிறந்ததிலிருந்து அந்தத் தெரு பகலில் அப்படிச் சத்தமில்லாமல் இருந்ததே இல்லை. எனக்கு அந்த மனிதர்களின் காலில் விழ வேண்டும்போல இருந்தது.

மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளுடைய தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அது அழுதால் அவருக்கு இழுக்குமே என்று அவளே முடிவு செய்தாள். போகும்போது அவரைத் தொட்டுப் பார்க்கக்கூட முடியவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

நோன்பு பிறக்கும் முன்பே காக்கா மவுத்தாகிவிட்டார். கடைசி நாளில் இழுப்பு விட்டுவிட்டு வருவது போய், விடாமல் பிடித்துக்கொண்டது. அவரைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்ய மையவாடிக்குப் புறப்பட்டபோது, பள்ளத்தின் ஓரமாகச் சந்தூக்கு மட்டும் போகிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. தோள் மாற்றிக் கொடுக்க இடமில்லாமல், முக்கு வரைக்கும் அதே நான்கு பேர் சுமந்தார்கள். எல்லோரும் காலைப் பார்த்தே நடந்தோம்.

மறுநாள் ஓவர்சியர் வந்தார். ஓர் ஆள் செத்ததால் மேலே எழுத வேண்டியிருக்கிறது என்றார். உட்கார மாட்டேன் என்று நின்றபடியே கேட்டார். விழுந்ததும் ஏன் உடனே தூக்கவில்லை என்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். முளை அடித்ததற்கு அன்றைக்கு அனுமதி இருந்ததா என்று கேட்டார். இருந்தது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று எனக்குத் தோன்றியது. போகும்போது, "மேல இருந்து பெரிய துரை பாக்க வாராரு, அதுக்கு முன்னால இத ஒரு வழி பண்ணிருவோம்" என்றார்.

அதற்கடுத்த நாள் காலையில் ஆட்கள் வந்தார்கள். விளிம்பில் இருந்த அதே மண்ணை அதே பள்ளத்தில் தள்ளினார்கள். அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டார்கள், ஒவ்வோர் அடுக்குக்கும் திமிசு அடித்தார்கள். பலகையில் எழுதியிருந்ததற்கு ஓர் இம்மிகூடப் பிசகவில்லை. பியூன் கூடவே நின்று குச்சியால் குத்திப் பார்த்தான். தெருவில் இன்னும் யாரும் தறியில் உட்காரவில்லை. அதனால் அந்தத் திமிசுச் சத்தம் மட்டும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து விழுந்தது. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் வேலை முடிந்து, ஆட்கள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். தெரு பழையபடி சமமாக இருந்தது. சாக்கடைக் கல் அதற்குப் பிறகும் வரவில்லை.

உம்மா கதவின் பின்னால் நின்று முதலிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இம்புட்டுதானா வேல?"

நான் ஆமாம் என்றேன்.